தட்டுகள் படுத்திருக்கின்றனவா, நிற்கின்றனவா: கடலோரக் கல்லூரியில் ஒரு போலரைசிங் மைக்ராஸ்கோப்

போலரைசிங் மைக்ராஸ்கோப் வாங்கலாமா, வாங்கினால் எந்த வகை என்று கேட்கும் இயற்பியல், வேதியியல் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். கீழக்கரைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நான் இயற்பியல் நடத்துகிறேன். எம்.எஸ்சி. மாணவிகளின் புராஜெக்ட்டுக்காக அம்பாலாவில் தயாரான ஒரு மைக்ராஸ்கோப்பும், அதன்மேல் வைக்கிற சூடேற்றும் மேடையும் வாங்கினோம். அதில் நாங்கள் செய்வது ஒரே வேலை. வட்டத்தட்டு வடிவ மூலக்கூறுகளைக் கண்ணாடிமேல் மெல்லிய படலமாகப் பரப்பி, அவை எந்தப் பக்கம் திரும்பிக் கிடக்கின்றன என்று ஒளியை வைத்துக் கண்டுபிடிக்கிறோம். அந்த வேலைக்கு இந்தக் கருவி எவ்வளவு தூரம் வரும், எங்கே நின்றுவிடும் என்று மட்டும் சொல்கிறேன். பாறைச் சீவல் பார்க்கிறவர்களுக்கு இதில் பாதி உதவும். ரத்தம், திசு பார்க்கிறவர்களுக்கு உதவாது.

வாங்கலாம். ஆனால் உருப்பெருக்கத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். 100 மடங்கு எண்ணெய் லென்ஸ் எங்களிடம் பெட்டியிலேயே கிடக்கிறது, இந்த வேலைக்கு அது தேவைப்படவே இல்லை. திரிபில்லாத ஆப்ஜெக்டிவ் (பொருளை ஒட்டி இருக்கும் லென்ஸ்), நடு பிசகாமல் சுழலும் மேடை, மெதுவாகக் குளிரும் சூட்டுக் கட்டை, இந்த மூன்றுக்கும் பணம் போகட்டும். வெளிநாட்டுக் கருவிகள் பல லட்சம் கேட்கிற இடத்தில் இது ஜிஎஸ்டி சேர்த்தும் ஒரு லட்சத்தைத் தொடவில்லை. தயாரிப்பாளர் பெயரை எழுதவில்லை. ஒரே உடலைப் பலர் பல பெயர் ஒட்டி விற்பதால், பெயரைவிட உறுப்புகளின் விவரம்தான் உங்களுக்குப் பயன்படும்.

எங்களுடையது மூன்று குழாய்த் தலை கொண்டது, மூன்றாவது குழாயில் கேமரா மாட்டலாம். 360 டிகிரி சுழலும் வட்ட மேடை, வெர்னியர் அளவுடன். கீழே போலரைசர், மேலே 0 முதல் 90 வரை திருப்பக்கூடிய அனலைசர். இரண்டும் ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிற வடிகட்டிகள், ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் குறுக்கிட்டு வைத்தால் பார்வை இருட்டாகும். ஆப்ஜெக்டிவின் பின்புறத் தளத்தைப் பார்க்க உதவும் பெர்ட்ரண்ட் லென்ஸ் உண்டு. செருகித் தள்ளுகிற தகடுகள் மூன்று: முதல் வரிசைச் சிவப்புத் தகடு, கால் அலைத் தகடு, குவார்ட்ஸ் ஆப்பு. எல்.இ.டி. விளக்கு. 4, 10, 40, 100 மடங்கு ஆப்ஜெக்டிவ்கள்.

இவ்வளவும் எதற்கு என்று புரிய, மூலக்கூறைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். திரவப் படிகம் (திரவம்போல் ஓடினாலும் மூலக்கூறுகள் ஓர் ஒழுங்கில் நிற்கிற நிலை) என்றாலே நீண்ட குச்சி வடிவ மூலக்கூறுகள் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1977-ல் பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ். சந்திரசேகர், பி.கே. சதாசிவா, கே.ஏ. சுரேஷ் மூவரும் தட்டையான வட்ட மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது பென்சீன் வளையத்தைச் சுற்றி ஆறு கொழுப்பு அமில வால்கள் தொங்கும் ஒரு சேர்மம். அந்தக் கட்டுரை வந்தது வெளிநாட்டு இதழில் அல்ல, நம் நாட்டு ‘பிரமாணா’ இதழில். ஒவ்வொரு புது வகுப்பிலும் இதை முதல் நாளே சொல்லிவிடுவேன். இங்கிருந்து ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் பிறந்த ஒரு துறை, உலகம் முழுக்கப் போய் வேர் பிடித்திருக்கிறது. அதை எங்கள் மாணவிகள் புத்தகத்தில் மட்டும் படித்துவிட்டுப் போகக் கூடாது என்பதுதான் இந்த மைக்ராஸ்கோப்புக்காக நான் நிர்வாகத்திடம் விடாமல் கேட்டதற்குக் காரணம்.

கீழக்கரைக் கல்யாண வீட்டில் சகன் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்கள் அல்லவா? இந்த மூலக்கூறுகளும் அப்படித்தான் அடுக்கு அடுக்காகத் தூணாகின்றன. தூண்கள் பக்கம் பக்கமாக நின்று அறுகோண ஒழுங்கில் அமைகின்றன. அடுக்கு நிமிர்ந்து நின்றால் ஒவ்வொரு தட்டும் கண்ணாடிமேல் படுத்திருக்கும். அடுக்கு சாய்ந்து தரையில் கிடந்தால் ஒவ்வொரு தட்டும் விளிம்பில் நிற்கும். மின்சாரம் தூணின் நீளவாக்கில்தான் சுலபமாக ஓடும், பக்கவாட்டில் வால்கள் குறுக்கே நிற்கின்றன. அதனால் மேலும் கீழும் மின்முனை வைக்கிற சூரிய மின்கலத்துக்குத் தட்டுகள் படுத்திருக்க வேண்டும். மின்முனைகள் இரண்டும் ஒரே தளத்தில் இருக்கிற டிரான்சிஸ்டருக்குத் தட்டுகள் விளிம்பில் நிற்க வேண்டும். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தைப் பார்த்து வளர்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வியின் எடையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

நாங்கள் பயன்படுத்துவது டிரைஃபீனிலீன் வகை. நான்கு பென்சீன் வளையங்கள் ஒட்டிய தட்டை நடுப்பகுதி, சுற்றிலும் ஆறு ஹெக்சிலாக்சி வால்கள். ஹெச்ஏடி-6 என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சுமார் 70 டிகிரி செல்சியஸில் படிகம் இளகித் தூண் நிலைக்கு வரும், சுமார் 100 டிகிரியில் முழுத் திரவமாகும். எங்கள் சூட்டு மேடைக்கு இந்த எல்லை வசதி. பெங்களூருவில் ஆராய்ச்சி செய்யும் எங்கள் பழைய மாணவி ஒருத்தி ஒரு சிட்டிகை கொடுத்தாள். ஒரு ஸ்லைடுக்கு ஊசி முனையளவு போதும் என்பதால் அந்தச் சிட்டிகை இன்னும் தீரவில்லை.

பார்சல் வந்ததும் இந்த அரிய பொருளை வைத்துச் சோதிக்க வேண்டாம். கடற்கரையில் இருக்கிற நமக்குச் சோதனைப் பொருள் காசில்லாமல் கிடைக்கிறது. முதலில் கரை மணலில் நாலு துகள். அதில் இருக்கிற குவார்ட்ஸ், குறுக்கிட்ட போலரைசர்களுக்கு நடுவில் நிறம் நிறமாக ஒளிரும், மேடையைச் சுற்றினால் ஒவ்வொரு 90 டிகிரிக்கும் ஒரு தடவை அணையும். அடுத்து வாலிநோக்கம் உப்பு ஒரு கல். சோடியம் குளோரைடு கனசதுரப் படிகம். எந்தத் திசையிலும் அதன் ஒளிவிலகல் எண் ஒன்றே. அதனால் எப்படித் திருப்பினாலும் இருட்டாகவே இருக்கும். மணல் ஒளிர்ந்து, உப்பு இருண்டால் போலரைசரும் அனலைசரும் சரியாகக் குறுக்கிட்டிருக்கின்றன என்று அர்த்தம். உப்பு நடுவே ஒளிர்கிற புள்ளிகள் தெரிந்தால் அவை பெரும்பாலும் ஜிப்சம். கடல்நீர் காய்ச்சிய உப்பில் அது கொஞ்சம் கூடவே வரும்.

எங்கள் கருவி மணலில் தேறியது. அடுத்த சோதனையில் 40 மடங்கு லென்ஸ் தேறவில்லை. ஸ்லைடே வைக்காமல் போலரைசர்களைக் குறுக்கிட்டு, பெர்ட்ரண்ட் லென்ஸைத் தள்ளிப் பாருங்கள். லென்ஸின் பின்புறத் தளத்தில் ஒரு மங்கலான கருஞ்சிலுவை தெரியும். அது எல்லா லென்ஸிலும் இருப்பதுதான். நாலு கால்பகுதியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எங்களுடையதில் ஒரு பக்கம் மட்டும் வெளிறிய திட்டு, மேடையைச் சுற்றினாலும் அது நகரவில்லை. லென்ஸுக்குள் கண்ணாடியை இறுக்கிப் பொருத்தியதில் உண்டான திரிபு அது. இரத்தம் பார்க்க இது ஒரு குறையே இல்லை. நாங்கள் தேடுவது சில நானோமீட்டர் பாதை வேறுபாட்டை, அதாவது ஒன்றுக்கொன்று குறுக்காக அதிரும் இரண்டு ஒளிக்கூறுகளில் ஒன்று பின்தங்கும் தூரத்தை. லென்ஸே அவ்வளவு வேறுபாட்டைச் சேர்த்தால் மூலக்கூறு சொல்வது எது, லென்ஸ் சொல்வது எது என்று பிரிக்க முடியாது. படம் எடுத்து அனுப்பினோம். விற்பனையாளர் முதலில் ‘இந்த விலைக்கு இப்படித்தான் வரும்’ என்றார். பர்ச்சேஸ் ஆர்டரில் ‘திரிபற்றது’ என்று எழுதியிருந்ததைக் காட்டினோம், லென்ஸை மாற்றி அனுப்பினார். எழுதியிருக்காவிட்டால் மாற்றியிருக்க மாட்டார். இந்த ஒரு சொல்லை ஆர்டரில் சேர்க்காமல் யாரும் வாங்காதீர்கள்.

மேடை சுழற்சி நன்றாக இருக்கிறது. ஆப்ஜெக்டிவ் பக்கத்துத் திருகுகளால் நடுவைச் சரிசெய்து வைத்தால், முழுச் சுற்றிலும் பார்க்கிற துகள் பார்வையை விட்டு ஓடுவதில்லை. ஆப்ஜெக்டிவ் மாற்றும்போதெல்லாம் மறுபடி சரிசெய்யத்தான் வேண்டும்.

இனி இந்தக் கருவியை நான் விரும்புவதற்கான காரணம். ஹெச்ஏடி-6 துணுக்கைக் கண்ணாடி ஸ்லைடில் வைத்துக் கவர் கிளாஸால் மூடி, 105 டிகிரிவரை சூடாக்கி, மெல்லக் குளிரவிட்டோம். நாங்கள் ‘காக்கா’ (அண்ணன்) என்று கூப்பிடும் எங்கள் ஆய்வக உதவியாளர் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“மேடம், ஒண்ணுமே தெரியலையே. லைட் போயிருச்சா?”

“லைட் இருக்கு காக்கா. ஊசியால கவர் கிளாஸ லேசா அமுக்கிட்டே பாருங்க.”

அமுக்கினார். “அல்லாஹ்! மின்னுது மேடம்!”

அந்த இருட்டுதான் விடை. தூண்கள் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கும்போது நம் பார்வை தூணின் நீளவாக்கில், அதாவது ஒளியியல் அச்சின் வழியே போகிறது. அந்தத் திசையில் இரட்டை ஒளிவிலகல், அதாவது அதிரும் திசையைப் பொறுத்து ஒளியின் வேகம் மாறுவது, கிடையாது. மேடையை முழுச் சுற்றுச் சுற்றினாலும் இருட்டு கலையாது. சூடான திரவ நிலையும் இருட்டுதான், எனவே இரண்டையும் பிரித்தறிய வேண்டும். ஊசியால் அமுக்கினால் தூண்கள் ஒரு கணம் சாய்ந்து ஒளிவிடும். திரவத்துக்குச் சாய ஒன்றுமில்லை, அது இருட்டாகவே இருக்கும்.

அதே ஸ்லைடில் இன்னொன்றும் தெரிந்தது. கவர் கிளாஸின் விளிம்பைத் தாண்டிக் கசிந்த பொருள் பளிச்சென்று விசிறி விசிறியாக ஒளிர்ந்தது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் அகப்பட்ட இடத்தில் தட்டுகள் படுத்துக்கொள்கின்றன. ஒரு பக்கம் காற்றைத் தொடுகிற இடத்தில் பெரும்பாலும் விளிம்பில் நிற்கின்றன. ஒரே பொருள், ஒரே சூடு, சில மில்லிமீட்டர் தூரம்தான் இடைவெளி. முந்தலிலிருந்து வருகிற மாணவி இதைப் பார்த்துவிட்டு, “அப்ப மேல கண்ணாடி இல்லாம சோலார் செல் செஞ்சா தட்டு தப்பா நிக்குமே மேடம், எப்படிச் செய்வாங்க?” என்று கேட்டாள். துறையில் இருக்கிறவர்கள் பல வருடமாக முட்டிக்கொண்டிருக்கிற கேள்வி அது. மேல் மின்முனையை ஆவியாகப் படியவைக்கும் முன் படலம் காற்றுக்குத் திறந்துதான் கிடக்கும். சூடு, படலத்தின் தடிமன், அடியில் இருக்கும் பரப்பு இவற்றை மாற்றி மாற்றித்தான் தட்டுகளைப் படுக்கவைக்கப் பார்க்கிறார்கள். அவள் அதையே புராஜெக்டாக எடுத்துக்கொண்டாள்.

விசிறிப் பகுதியில் தூண் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கத்தான் சிவப்புத் தகடு. இந்தக் கருவியோடு வந்த தகடுகளில் மிகத் தரமானது அதுதான். செருகினால் பார்வை முழுக்க ஒரே சீரான சிவப்பு-ஊதா, ஓரத்தில்கூட நிறம் மாறவில்லை. தட்டு மூலக்கூறுகளில் ஒளி மெதுவாகப் போவது தட்டின் தளத்தில், தூணின் நீளவாக்கில் அல்ல. இதனால்தான் இவற்றை எதிர்க்குறி இரட்டை ஒளிவிலகல் உடையவை என்கிறோம். குச்சி மூலக்கூறுகளுக்கு இது நேர் எதிர். தகட்டின் மெதுவான திசை தூணுக்குக் குறுக்காக விழுகிற இடம் நீலமாகும், தூணுக்கு இணையாக விழுகிற இடம் மஞ்சளாகும். ஒரு விசிறியை நடுவில் வைத்துப் பார்த்தபோது, தகட்டின் மெதுவான திசையில் இருந்த கால்பகுதிகள் நீலம், மற்றவை மஞ்சள். ஆக, தட்டின் தளங்கள் மையத்திலிருந்து ஆரவாக்கில் விரிகின்றன, தூண்கள் மையத்தைச் சுற்றி வளைந்து ஓடுகின்றன. இரண்டே நிறத்தில் அரை நிமிடத்தில் கிடைக்கிற முடிவு இது. மாணவிகள் தகட்டைத் தள்ளுவதும் இழுப்பதுமாக மதியச் சாப்பாட்டு மணிக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

பெர்ட்ரண்ட் லென்ஸைக் கொஞ்சம் குறைத்தே மதிப்பிட வேண்டும். படுத்த தட்டுகளின் படலத்தில் 40 மடங்கு லென்ஸோடு அதைப் பயன்படுத்தினால் கருஞ்சிலுவை தெரிய வேண்டும். சிவப்புத் தகட்டைச் செருகியதும் தகட்டின் மெதுவான திசையில் உள்ள கால்பகுதிகள் மஞ்சளானால் எதிர்க்குறி உறுதி. 20 மைக்ரானுக்கு மேல் தடிமன் வைத்தபோது இது அழகாக வந்தது. 5 மைக்ரானில் சிலுவை பரந்து மங்கிப் போனது, லென்ஸின் சொந்தச் சிலுவைக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்லவே கஷ்டம். இது இந்தக் கருவியின் குறையென்று முழுதாகச் சொல்ல முடியாது, மெல்லிய படலத்தின் இயல்பு. ஆனால் விற்பனைத் தாளில் எல்லாப் படலத்துக்கும் ஆகும் என்கிற தொனி இருக்கிறது. நம்ப வேண்டாம்.

மெல்லிய படலம் என்று வரும்போதுதான் இந்தக் கருவியின் எல்லை தெரிகிறது. கணக்கைப் பாருங்கள். இந்த வகைப் பொருளின் இரட்டை ஒளிவிலகல் 0.1 என்ற அளவில் வைத்துக்கொண்டால், 5 மைக்ரான் படலத்தில் விளிம்பில் நிற்கும் தட்டுகள் 500 நானோமீட்டர் பாதை வேறுபாடு தரும். அது கண்ணுக்கே நிறமாகத் தெரியும். மின்னணுக் கருவிகளுக்குத் தேவையான படலமோ 100 நானோமீட்டர்தான். தட்டுக்கும் தட்டுக்கும் இடைவெளி ஏறக்குறைய 0.36 நானோமீட்டர், ஆக ஒரு தூணில் முந்நூறுக்கும் குறைவான தட்டுகள். அந்தப் படலம் தருகிற பாதை வேறுபாடு வெறும் 10 நானோமீட்டர். கண்ணுக்கு அது கரும்சாம்பல், இருட்டிலிருந்து பிரித்தறிவதே சிரமம்.

இதற்குச் செனார்மோன் முறையைப் பயன்படுத்தினோம். கால் அலைத் தகட்டைச் செருகி, ஒற்றை நிற ஒளி கொடுத்து, படலம் மறுபடி இருளும்வரை அனலைசரைத் திருப்ப வேண்டும். திருப்பிய கோணத்தை 180-ஆல் வகுத்து அலைநீளத்தால் பெருக்கினால் பாதை வேறுபாடு. வழக்கமான அபிரகக் கால் அலைத் தகடு சோடிய ஒளிக்காகச் சீவியது, 147 நானோமீட்டர். எந்த இயற்பியல் ஆய்வகத்திலும் சோடிய விளக்கு இருக்கும். எங்கள் நியூட்டன் வளையச் சோதனைக்கு வைத்திருந்த விளக்கையே கண்ணாடி வைத்து உள்ளே திருப்பிவிட்டோம். 589 நானோமீட்டருக்கு ஒரு டிகிரி என்றால் 3.3 நானோமீட்டர். நம் படலத்துக்கு அனலைசரைத் திருப்ப வேண்டியது 3 டிகிரிதான். இந்தக் கருவியின் அனலைசர் அளவுகோலில் ஒரு டிகிரிக்குக் கீழே கோடே இல்லை. மூன்றில் ஒரு பங்கு பிழையோடு சாய்வுக் கோணம் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

மாணவிகள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மூன்றாவது குழாயில் ஃபோனை மாட்டி, ப்ரோ மோடில் ஐஎஸ்ஓ, ஷட்டர் இரண்டையும் பூட்டி, அனலைசரைப் பல கோணங்களில் வைத்துப் படம் எடுத்து, ஒளிச்செறிவை சைன் வர்க்கக் கோட்டில் பொருத்தினார்கள். தாழ்புள்ளி எங்கே என்று பொருத்தலே சொல்லிவிடும். கண்ணால் இருட்டைத் தேடுவதைவிட இது எவ்வளவோ நிதானமாக, திரும்பத் திரும்ப ஒரே விடையைத் தருகிறது. தட்டுகள் முழுக்கப் படுத்த நிலைக்கும் முழுக்க நின்ற நிலைக்கும் நடுவில் இருந்தால், பாதை வேறுபாடு ஏறத்தாழ சாய்வின் சைன் வர்க்கத்தைப் பின்பற்றும். தூண் செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்தால் முழு மதிப்பில் கால், 45 டிகிரி சாய்ந்தால் பாதி. ஆனால் படலத்தின் தடிமன் தனியாகத் தெரிந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். தடித்த படலத்தில் குறைவான சாய்வும், மெல்லிய படலத்தில் அதிகச் சாய்வும் ஒரே எண்ணைத் தரலாம். தடிமன் அளக்க இந்த மைக்ராஸ்கோப்பில் வழியில்லை, வேறு கல்லூரிக்குத்தான் போக வேண்டியிருந்தது.

தட்டுகள் சாய்ந்திருப்பது வெறும் பாடப்புத்தக விஷயம் அல்ல என்று காட்ட எனக்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. குச்சி மூலக்கூறுகளால் ஆன பழைய டிஎன் வகைத் திரவப் படிக மானிட்டர்களைப் பக்கவாட்டில் பார்த்தால் படம் வெளிறும். அதைச் சரிசெய்ய 1990-களில் ஃபுஜிஃபில்ம் நிறுவனம் ஒரு படலம் கொண்டுவந்தது. டிரைஃபீனிலீன் தட்டு மூலக்கூறுகளைப் பூசி, ஒரு முகத்தில் ஏறக்குறையப் படுத்தும் மறுமுகத்தில் நன்றாக நிமிர்ந்தும் இருக்கும்படி சாய்வைப் படிப்படியாக மாற்றி, அந்த நிலையிலேயே பிணைத்து உறையவைத்தார்கள். குச்சி மூலக்கூறுகளின் நேர்க்குறியை இந்தத் தட்டுகளின் எதிர்க்குறி ஈடுசெய்கிறது. கல்லூரி ஆபீசில் வருஷக்கணக்காக எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த மானிட்டர்களின் காலத்தில் நடந்த காரியம் இது. சாய்ந்த அச்சுள்ள படலம் என்றால் ஸ்லைடின் ஓரத்தில் தீக்குச்சி கொடுத்து இடப்பக்கம் சாய்த்தால் ஒரு நிறம், வலப்பக்கம் சாய்த்தால் வேறு நிறம். அச்சு நேராக நின்றால் இரண்டு பக்கமும் ஒன்றுதான். நேர்ப் பார்வையில் தெரியாத சாய்வுத் திசையை இந்தத் தீக்குச்சி காட்டிவிடும். 4, 10 மடங்கு லென்ஸ்களுக்குக் கீழே ஸ்லைடைச் சாய்க்க வேண்டிய இடம் இந்தக் கருவியில் தாராளமாக இருக்கிறது.

சூட்டு மேடையைப் பற்றி. தனியாக வாங்கியது, நடுவில் துளையிட்ட அலுமினியக் கட்டை, பக்கத்தில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. திரையில் காட்டுகிற எண்ணை அப்படியே எழுதிவிட வேண்டாம். உருகுநிலை நமக்குத் தெரிந்த பொருளை வைத்துப் பாருங்கள். நாப்தலீன் 80 டிகிரி, பென்சாயிக் அமிலம் 122 டிகிரி. இரண்டும் வேதியியல் துறை அலமாரியிலேயே கிடைத்தன. எங்கள் பெட்டி உண்மையைவிட மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டியது. இது பெரிய குற்றம் அல்ல, திருத்திக்கொள்ளலாம். சிக்கல் குளிர்விப்பதில். பெரிய படுத்த தட்டுப் பரப்பு வேண்டுமென்றால் 100 டிகிரியை ஒட்டி நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கும் குறைவாக இறக்க வேண்டும். பெட்டி ஒரு டிகிரி மேலும் கீழுமாக ஊசலாடுகிறது. அந்த ஊசலில் வளர ஆரம்பித்த பரப்பு திரும்ப உருகி, மறுபடி வளர்ந்து, சின்னச் சின்னத் துண்டாகிறது. வேகமாகக் குளிர்ந்தால் விசிறிகள்தான் மிஞ்சும். நாங்கள் 103-க்குக் கொண்டுபோய், பெட்டியை அணைத்து, கட்டையைச் சுற்றிக் கல்நார் இல்லாத வெப்பக் காப்புத் துணி சுற்றி, தானாக ஆறவிடுகிறோம். போலரைசரைக் குறுக்கிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பார்த்தால், திரவத்துக்குள் ஆறு திசையில் கிளைவிட்டு வளர்கிற பரப்புகள் தெரியும். தூண்களின் அறுகோண ஒழுங்கு கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வளர்ந்து நிற்கிறது. இந்தக் காட்சிக்காக மட்டும் எனக்கு இந்த மேடைமேல் கோபம் வருவதில்லை.

மின்சாரம் போனால் எல்லாம் கெடும். சூட்டுப் பெட்டியை யுபிஎஸ்ஸில் போடுங்கள், அது இழுக்கிற வாட் அதிகம் என்பதால் கம்ப்யூட்டர் யுபிஎஸ் தாங்குமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடற்கரையில் இருக்கிறவர்களுக்கென்று சில விஷயங்கள். எங்கள் ஜன்னலுக்கும் கடலுக்கும் நடுவில் பனங்காடு மட்டும்தான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மணலும் உப்பும் நேராக உள்ளே வரும், வாடைக் காலத்தில் சுவரே ஈரம் விடும். மேடையின் குரோம் பூச்சு நன்றாகத் தாங்குகிறது. திருகுகள் தாங்கவில்லை, முதல் மழைக்காலத்திலேயே துரு. காக்கா ஒவ்வொரு திருகாக எடுத்துத் தையல் மெஷின் எண்ணெய் தடவி மாட்டினார். அதற்குப் பிறகு பிரச்சினை இல்லை. லென்ஸில் பூஞ்சை படியாமலிருக்க ஆப்ஜெக்டிவ்களைக் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வைக்கிறோம். ஜெல் நிறம் மாறியதும் வறுத்தெடுக்கிறோம். கருவியோடு வந்த தூசியுறை மெல்லிய பிளாஸ்டிக். ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கிறது, பருத்தித் துணியில் தைத்துக்கொள்வது நல்லது.

ஸ்லைடு கழுவுவதில்தான் அதிகக் கவனம் வேண்டும். இங்கே போர் தண்ணீர் உவர்ப்பு. அதில் கழுவிக் காயவைத்த ஸ்லைடில் சுண்ணாம்புப் படிகங்கள் குறுக்கிட்ட போலரைசரில் நட்சத்திரம் நட்சத்திரமாக மின்னும். இருட்டுதான் விடை என்கிற இந்தச் சோதனையில் ஒவ்வொரு மின்னலும் பொய்ச் சாட்சி. கடைசி அலசல் வாலைவடிநீரில், அதற்குப் பின் அசிட்டோன், அப்புறம்தான் படலம். திறந்த படலத்தைக் காற்றில் ஆறவிடும்போது ஜன்னல், மின்விசிறி இரண்டும் நிற்க வேண்டும். மே மாதத்தில் இது மாணவிகளுக்குக் கடினம், ஆனால் அவர்கள் முணுமுணுக்காமல் செய்கிறார்கள்.

விற்பனைக்குப் பின் சேவை சுமார். இராமநாதபுரத்திலோ மதுரையிலோ அவர்களுக்கு ஆள் கிடையாது. வீடியோ அழைப்பில் சொல்லித் தருகிறார்கள், பாகம் கூரியரில் வரும். கையில் திருகாணிச் சாவி பிடிக்கத் தெரிந்த ஒரு ஆய்வக உதவியாளர் உங்களிடம் இருந்தால் இது போதும். கையேட்டில் பாதிப் பக்கம் பாறைக்கானது, சூட்டு மேடைக்குக் கையேடே இல்லை.

எம்.எஸ்சி. புராஜெக்ட், முன்பு எம்ஃபில்லில் செய்த அளவு வேலை, திரவப் படிகம் கற்பித்தல் இவற்றுக்கு ஐந்தில் நாலு கொடுப்பேன். 100 நானோமீட்டர் படலத்தின் சாய்வைக் கட்டுரையில் போடும் துல்லியத்தில் அளக்க வேண்டுமென்றால் இரண்டுக்கு மேல் கொடுக்க மாட்டேன். அதற்கு எலிப்சோமீட்டரோ, எக்ஸ்-கதிர்ச் சிதறலோ உள்ள இடத்துக்குப் போங்கள். போகும்முன் எந்தப் படலம் எடுத்துப்போகத் தகுதியானது என்று பொறுக்க இந்த மைக்ராஸ்கோப் போதும், அங்கே நேரத்துக்குக் காசு.

பர்ச்சேஸ் ஆர்டரில் எழுத வேண்டியவை: 4, 10, 40 மூன்றும் திரிபற்ற ஆப்ஜெக்டிவ், 40-க்கு எண் துளை (நியூமரிக்கல் அபெர்ச்சர்) 0.65-க்குக் குறையாமல், 100 மடங்கு லென்ஸ் வேண்டாம், அதன் விலையைக் கழிக்கவும், அனலைசர் அளவுகோல் வெர்னியருடன், 180 டிகிரி திரும்புவது, சிவப்புத் தகடும் கால் அலைத் தகடும் மெதுவான திசை பொறித்தவை, சூட்டு மேடை நிமிடத்துக்கு அரை டிகிரி வீதம் இறங்குவதை விற்பனையாளர் வீடியோவில் காட்டியபின் பணம். வெர்னியர் அனலைசருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள். 100 மடங்கு லென்ஸில் மிச்சமாவதை அதில் போடுங்கள்.